ஐந்தாம் மாடியில் ஒற்றைச் சீத்தா

1

இதை எழுதும்போது எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள் ஒரு சீத்தாக்காய் புதைந்து கிடக்கிறது. கடையில் வாங்கியது இல்லை. சார்ஜாவில், ஐந்தாவது மாடி பால்கனியில், காலி பெயின்ட் டப்பாவில் வளர்ந்த எங்கள் சொந்த மரத்துக் காய். இன்று காலை நான்தான் பறித்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் வேலைக்குப் போய் வந்த சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் என் மகள் யாழினி மேல்படிப்புக்காகக் கனடா போகிறாள். அதற்குள் இந்தக் காய் பழுத்தாக வேண்டும். பழுத்து, அவள் கையில் நான் கொடுத்து, அவள் தின்றுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை.

ஊரில் இருந்து படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆவணி மாதம் திண்டிவனம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் காலில் இடறுகிற பழம் அது. விழுப்புரம் பாசஞ்சரில் கூடை கூடையாக ஏறும். நம் பக்கம் அதை யாரும் நட்டதும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. வேலி ஓரம் தானாக முளைக்கும், ஆடுகூட வாய் வைக்காது. அந்த மரத்துக்குத்தான் நான் ஐந்து வருஷமாக ஆலாய்ப் பறந்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. திருவக்கரைக்குப் பக்கத்துக் கிராமம். அண்ணன் பச்சையப்பன் இன்றைக்கும் அங்கே மூன்று ஏக்கரில் மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) கேப்பையும் போடுகிறார். நான் மண் வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு இங்கே ஓடி வந்தவன். டைல்ஸ் கிடங்கில் சரக்குப் பார்க்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக நகத்தில் மண் படாத சம்பளம். யாழினிக்கு ஃபீஸ் கட்டினேன், லேப்டாப் வாங்கினேன், எல்லாம் அட்டையைத் தேய்த்து வாங்கியது. என் கையால் விளைந்த ஒன்றை அவளுக்குக் கொடுத்ததே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

2

ஐந்து வருஷத்துக்கு முன்னால், எங்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிற கோட்டக்குப்பம் காதர் பாய் ஊருக்குப் போய்த் திரும்பினார். வந்ததும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி நாலு சீத்தாப்பழத்தை நீட்டினார்.

"கிளியனூர்ல வாங்குனேன் ஏழுமல. பிளேன்ல மடி மேலயே வச்சிக்கினு வந்தேன். நசுங்கிடுமோன்னு ஒரே பேஜாரு. ஜல்தியா சாப்புட்ருங்க."

யாழினிக்கு அப்போது பதிமூன்று வயது. பால்கனியில் நின்று ஒரு கையில் போன், ஒரு கையில் பழம். "இதுல கொட்டதாம்பா இருக்கு, பழம் எங்க?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒவ்வொரு கொட்டையையும் மூலையில் இருந்த பெயின்ட் டப்பாவுக்குள் குறி பார்த்துத் துப்பினாள். அதில் செல்வி வைத்த கறிவேப்பிலை காய்ந்து குச்சியாய் நின்றது. செல்வி என் மனைவி. அந்தக் குச்சியைப் பிடுங்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

இரண்டு மாதம் போனபின் குச்சியின் பக்கத்தில் பச்சையாய் ஒன்று எட்டிப் பார்த்தது. நான் பார்த்தவுடனே கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"டேய், சீத்தாடா அது! நெசமாவே இந்த ஊர்லதான் பொறந்தியா நீ? இன்னாடா இது கூட தெரியல ஒனக்கு?"

துப்பினவளிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "ஓ, நைஸ்" என்றாள், கண் போனிலேயே இருந்தது. அந்த வயதில் தொடங்கியதுதான். பத்து வயது வரை இரண்டு வருஷம் தமிழ் வகுப்புக்கு அனுப்பியிருந்தோம், அதுவும் பரீட்சை, டியூஷன் என்று நின்றுபோனது. காதில் ஹெட்போன் மாட்டினால் வீட்டில் மழை பெய்தாலும் தெரியாது. கேட்டதற்குப் பதில் வரும், நல்ல பிள்ளைதான். ஆனால் ஒற்றை ஒற்றைச் சொல்லாக வரும். மரத்துக்குக் கூட நான் போன கதை வந்த கதையெல்லாம் சொல்லிவிடுவேன், அவளிடம் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேச விஷயம் கிடைக்காது.

3

இரண்டாம் வருஷம் செடி இடுப்பு உயரம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "மீனு கழுவன தண்ணிய ஊத்துங்க தம்பி. சும்மா பிச்சிக்கினு வரும் பாருங்க." ஊரில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து முருங்கை அப்படித்தான் வளர்ந்தது, எனக்கும் நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் மீன் வாங்குகிற வீடு எங்களுடையது. கழுவின தண்ணீர் முழுவதும் சீத்தாவுக்கே போனது.

நாலு மாதத்தில் இலையின் ஓரமெல்லாம் பழுப்பு. தீய்ந்த அப்பளம் மாதிரி, தொட்டால் நொறுங்கியது. வெயில் என்று நினைத்துத் துணி கட்டினேன். அண்ணன் "எதுனா நோவா இருக்கும்டா, மருந்து அடி" என்றார். மூன்று விதமான மருந்து வாங்கி அடித்தேன். செல்வி ஒரு படி மேலே போய், கீழ்வீட்டுக்காரியின் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். எதற்கும் மசியவில்லை.

ஒரு நாள் டப்பாவின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருப்பதைப் பார்த்தேன். விவசாயி வீட்டுப் புத்தி எங்கே போகும்? நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு! சுத்தமான கல்லுப்பு!

அப்போதுதான் உறைத்தது. நம் வீட்டில் மீன் கழுவுவது என்றால் சும்மா தண்ணீரில் அலசுவதா? கல்லுப்பைப் போட்டுக் கரகரவென்று தேய்த்து, மஞ்சள் போட்டு, மறுபடியும் உப்புப் போட்டுத் தேய்ப்போம். ஊரில் அந்த உப்பை மழை அடித்துக்கொண்டு போய்விடும். முருங்கையின் வேரும் எங்கெங்கோ ஓடும். இந்த டப்பாவில் உப்பு எங்கே போகும்? வாரா வாரம் நாங்களே அதைக் கருவாடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்!

"செல்வி, இங்க வா, நம்மதான்டி கொன்னுக்கினு இருக்கோம்" என்று கத்தினேன். அவள் விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுச்சுன்னு அந்தப் பொம்பளய வேற திட்டிட்டனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மருந்து எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஏசி குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர். கோடையில் ஒரு நாளைக்கு ஒரு பக்கெட் நிறையும், உப்பே கிடையாது. பத்து நாள், தினம் ஒரு பக்கெட், அடி ஓட்டை வழியாக ஓடுகிற மாதிரி ஊற்றினேன். ஒரு மாதத்தில் புதுத் துளிர் விட்டது. டப்பாவில் செடி வைத்திருக்கிறவர்கள் இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மீன் தண்ணீர் வேண்டுமென்றால் உப்புப் போடுவதற்கு முன்னால் அலசின முதல் தண்ணீர் மட்டும்.

4

அந்த வருஷக் குளிரில் இலை மொத்தமும் கொட்டிப்போனது. ஒன்றுகூட மிச்சமில்லை. "செத்தத வீட்ல வச்சிக்கக் கூடாது" என்று செல்வி கறுப்புப் பையைக் கொண்டுவந்து நின்றாள். இருடி என்று அவளை நிறுத்திவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, சீத்தா எல கொட்டுமா?"

"கொட்டுமா இன்னான்னு எவன்டா பாத்தான்? மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால ஒன்னு நிக்கிது. இரு, நாளைக்குப் போய் பாத்துட்டு சொல்றேன்."

மறுநாள் காலை போட்டோ வந்தது. அண்ணன் வீட்டுச் சீத்தாவும் மொட்டையாய் நின்றது. ஐம்பத்தெட்டு வருஷமாக அந்த மரத்தைக் கடந்து போனவர், அது இலை உதிர்க்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தாராம். பையை மடித்து வைத்துவிட்டோம். மார்ச்சில் துளிர்த்தது.

போன வருஷம் முதல் பூ. அதைப் பூ என்று சொல்லவே மனசு வராது. பச்சை நிறத்தில் தடித்த மூன்று இதழ், தலைகீழாகத் தொங்கும். நாற்பது பூ பூத்தது, நாற்பதும் உதிர்ந்தது. தினமும் காலையில் பெருக்கி எடுக்கிற செல்விக்கே கண் கலங்கியது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். சின்னஞ்சிறு வண்டு ஒன்று உள்ளே புகுந்து மகரந்தத்தை மாற்றி வைக்க வேண்டுமாம். ஐந்தாவது மாடிக்கு எந்த வண்டு லிஃப்டில் ஏறி வரும்?

எனவே இந்த வருஷம் நானே வண்டானேன். படம் வரைகிற பிரஷ் ஒன்று வாங்கினேன். வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் பால்கனிக்குப் போவேன். விரிந்த பூவிலிருந்து தூளை எடுத்து இன்னொரு பூவின் நடுவில் தடவுவேன். இருபது நாள், ஒரு நாள் தவறாமல். குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் படம் போட்டேன். அண்ணன் விடுவாரா?

"மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வர்றாரு, சீத்தாவுக்கு முதலிரவு பண்ணி வைக்க எங்க ஏழுமல வர்றாரு!" என்று குரல் செய்தி அனுப்பினார். பின்னால் அண்ணி சிரிக்கிற சத்தமும் கேட்டது.

பூக்கள் வரிசையாய் உதிர்ந்தன. விடாமல் தடவினேன். ஒரு நாள் சாயங்காலம் பார்க்கிறேன், கம்பிப் பக்கத்துக் கிளையில் ஒரு பூவின் இதழ் மட்டும் உதிர்ந்திருக்கிறது. காம்பில் மிளகு அளவுக்குப் பச்சையாய் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், உதிரவில்லை. ஊருக்குப் போன் போட்டு, "அண்ணா, நின்னுடுச்சி அண்ணா! நின்னுடுச்சி!" என்று கத்தினேன். எதிர்க் கட்டிடத்தில் துணி காயப்போட்ட பெண் திரும்பிப் பார்த்தாள். யாழினியைக் கூட்டி வந்து காட்டினேன். "பாத்தியா, அப்பா கையால பண்ணது!" ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "சூப்பர்ப்பா" என்றாள். அன்றைக்கு அவள் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது.

அந்தக் காம்பில் சின்னதாக ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. செல்வி திருஷ்டிக்குக் கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

காய் எலுமிச்சை அளவு ஆனபோது கட்டிட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. பால்கனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பொருட்களைப் பதினைந்து நாளில் அகற்றவும். காய் பழுக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, பதினைந்து நாளில் எங்கே அகற்றுவது? உள்ளே ஏசிக்குக் கொண்டுவந்தால் காய் விழுந்துவிடும்.

அரை நாள் லீவு போட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். படிவம் கொடுத்தார்கள். பால்கனியில் இருக்கும் பொருள் என்ன? டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடும் கம்பி, செல்லப்பிராணி, மேசை நாற்காலி. மரத்துக்குக் கட்டமே இல்லை. என் அரைகுறை அரபியில், ஒரே ஒரு காய், ஒரே ஒரு மகள், அவள் போகிற வரைக்கும் மட்டும் என்று விளக்கினேன். வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையை விமானம் போல் பறக்கவிட்டு, ஒரு நாடகமே நடத்திவிட்டேன். அங்கிருந்த அம்மாள் பேனாவை எடுத்தார். மேசை நாற்காலிக் கட்டத்தில் டிக் அடித்தார். "கீழே தட்டு வை, ஒரு சொட்டுகூட விழக்கூடாது" என்றார். எங்கள் மரம் இன்றைக்கும் அந்தக் கட்டிடத்தின் பதிவேட்டில் ஒரு மேசைதான்.

அது முடிந்தது என்று மூச்சு விட்டால் எறும்பு. ஏசி குழாய் வழியாக வரிசையாய் ஏறி வந்தது. எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். காம்பின் மடிப்பில் பஞ்சு ஒட்டினது போல் வெள்ளையாக இருந்தது. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்தேன். குழாயில் வேப்பெண்ணெய் தடவினேன். பத்து நாளில் அடங்கியது. அப்புறம் ஒரு கொண்டைக்குருவி தினமும் வந்து கம்பியில் உட்கார்ந்து காயை நோட்டம் விட்டது. காதர் பாய் நடத்துகிற மளிகைக் கடையிலிருந்து வெங்காய வலைப்பை ஒன்று வாங்கி வந்து காயின் மேல் மாட்டிவிட்டேன். குருவி கம்பியில் உட்கார்ந்து என்னைத் திட்டிவிட்டுப் போனது.

காய் கோணலாக வளர்ந்தது. ஒரு பக்கம் நன்றாக உப்பி, மறுபக்கம் கன்னம் ஒடுங்கி இருந்தது. மகரந்தம் பட்ட இடத்தில்தான் சுளை வருமாம், பிரஷ் ஒரு பக்கம் சரியாகப் படவில்லை. நான் கோணலாய்த் தடவியிருக்கிறேன், என்ன செய்ய? என் காயாச்சே, கோணலாய்த்தான் இருக்கும்.

கடைசியாக இன்றைய கூத்து. சீத்தாவை மரத்தில் பழுக்க விட மாட்டோம், தெரியும்தானே. கண் திறந்ததும் பறித்து அரிசியில் புதைக்க வேண்டும். கண்ணுக்குக் கண் நடுவே பள்ளம் வெளுத்தால் கண் திறந்துவிட்டது என்று பொருள். முன்னாலேயே பறித்தால் பழுக்காது, கறுத்துக் கல்லாகிவிடும். விடிந்ததும் அண்ணனுக்குக் காட்டினேன்.

"சரியா தொறக்கலடா. இன்னும் மூனு நாளு வுடு."

"மூனு நாள்ல பாப்பா கெளம்பிடும்ணா!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? பாப்பாவ கேளு."

என்ன பதில் இது? அவளுக்கு என்ன தெரியும்? இருந்தாலும் கூப்பிட்டேன். துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். வலையை விலக்கி, காயைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பறிச்சிடலாம்பா. இன்னிக்கு நூத்திப் பதினெட்டாவது நாள்."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே போனில் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். காம்போடு கத்தரித்தேன். செல்வி அரிசி டின்னில் குழி பறித்துக் காத்திருந்தாள்.

6

வெள்ளி மதியம் எழுதுகிறேன்.

புதன் கல். வியாழன் காலையிலும் கல். வியாழன் சாயங்காலம் மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை டின்னைத் திறந்து அமுக்கிப் பார்த்தோம். "அமுக்கி அமுக்கியே பழுக்க வச்சிடுவீங்க போலிருக்கு" என்று செல்வி டின்னைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்தாள். அப்புறம் அவளே ஸ்டூல் போட்டு ஏறித் திறந்து பார்த்தாள்.

இன்று காலை ஐந்தரைக்கு டின்னுக்குள் கையை விட்டேன். விரல் உள்ளே அமுங்கியது. வாசனை! அரிசி, டின், சமையலறை எங்கும் சீத்தாப்பழ வாசனை! "செல்வி! யாழு! எழுந்திருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

பெட்டிகள் கதவுப் பக்கம் தயாராக நிற்க, தரையில் உட்கார்ந்து தின்றோம். அண்ணனும் அண்ணியும் வீடியோவில். இரண்டாகப் பிட்டேன். உப்பின பக்கத்தை யாழினிக்கு வைத்தேன். ஒடுங்கின பக்கத்தில் செல்விக்கும் எனக்குமாக ஆறு சுளை இருந்தது. யாழினி கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். பதிமூன்று வயதில் கொட்டையைப் பழித்தவள், இன்றைக்கு ஒவ்வொரு கொட்டையையும் வாயிலேயே வைத்து உருட்டி வெளுக்கும் வரை விடவில்லை.

"எப்பிடிடா இருக்குது பாப்பா?" என்று அண்ணன் கேட்டார்.

"செம ஸ்வீட் பெரியப்பா."

"அப்பா கையால பண்ணது" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து, "ஆமாப்பா, சூப்பர்" என்றாள். விமான நிலையத்தில் உள்ளே போகும் வரை திரும்பித் திரும்பிக் கையாட்டினாள். என் விரலில் இன்னும் அந்த வாசனை இருக்கிறது, கை கழுவ மனசு வரவில்லை.

நான் நினைத்தது நடந்துவிட்டது. இந்தக் குறிப்பு இங்கே முடிகிறது.

7

முடியவில்லை. இன்று சனிக்கிழமை. மேலே எழுதியதில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. எழுதியபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அப்புறம் அப்படியே விட்டுவிட்டேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

காலையில் தோசைக்கு வெண்ணெய் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வெண்ணெய் வைக்கும் தட்டில், வெண்ணெய்க்குப் பின்னால், மாத்திரை போட்டு வைக்கிற சின்ன டப்பா ஒன்று இருந்தது. உள்ளே மஞ்சள் தூள் போல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நுனி வெட்டின ஒரு பிரஷ், சுற்றி வைத்த சிவப்பு நூல். கூடவே ஒரு சீட்டு. தமிழில். வகுப்பு நின்று எட்டு வருஷம் கழித்து அவள் தமிழில் எழுதி நான் பார்க்கிறேன். எழுத்து ஒவ்வொன்றும் பெரிதாய், தள்ளித் தள்ளி நின்றது.

"அப்பா, பூ காலைல ஆறரைக்கு பண்ணணும். சாயந்தரம் பண்ணா நிக்காது. சாயந்தரம் தூள் மட்டும் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைங்க. பாதி தொறந்த பூவுக்கு மட்டும். பண்ணதும் நூல் கட்டுங்க. நான் அஞ்சு பண்ணேன், ஒண்ணு நின்னுச்சு."

இரண்டு தடவை படித்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி வந்து வாங்கிப் படித்தாள். "நூல் நீ கட்டுனதில்லையா?" என்று கேட்டேன். "நீங்க கட்டுனீங்கன்னு இல்ல நான் நெனச்சேன்?" என்றாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணா, அந்தக் காயி நான் பண்ணதில்லண்ணா" என்று தொடங்கினேன்.

"தெரியும்டா" என்றார்.

"தெரியுமா?"

"சித்திர மாசம் பாப்பா போன் பண்ணுச்சு. பெரியப்பா, சீத்தாப்பூ எப்போ தொறக்குதுன்னு பாத்து சொல்றீங்களான்னு. எனக்கு இன்னா தெரியும்? பத்து நாளு காலையிலயும் சாயங்காலமும் மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால போய் நின்னுக்கினு இருந்தேன். பூவையே பாத்துக்கினு நிக்கிறேன்னு ஊர்ல எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சின்னு சொல்லிட்டானுங்க. விடிஞ்சா பாதி தொறந்து நிக்கும், சாயங்காலம் தூளு கொட்டும். அத சொன்னேன். மிச்சத்த அதுவே பண்ணிக்கிச்சி, ஸ்கூலு பஸ் வர்றதுக்கு முன்னால."

"அப்புறம் ஏண்ணா என்ன அவ்ளோ கிண்டல் பண்ண? ஏன் சொல்லல?"



"காய் நின்னன்னிக்கு நீ போன்ல கத்துன பாரு, நின்னுடுச்சி அண்ணா நின்னுடுச்சின்னு. அதுக்கு மேல எவனுக்குடா சொல்ல மனசு வரும்? பாப்பாதான் சொல்லிச்சி, பெரியப்பா, அப்பா ரொம்ப ஹேப்பியா இருக்கார், சொல்லிடாதீங்கன்னு. போறப்ப அதுவே எழுதி வைக்கிறேன்னுச்சு. இல்லன்னா அடுத்த வருஷமும் நீ சாயங்காலமே தடவிக்கினு இருப்ப இல்ல?"

என் கையால் விளைந்ததை என் மகளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். அவள் கையால் விளைந்ததை எனக்குத் தின்னக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருக்கிறாள் என்று நான் நினைத்த பிள்ளை. அழுதேன், அப்புறம் சிரித்தேன், நான் இரண்டையும் சேர்த்துச் செய்வதாகச் செல்வி சொன்னாள்.

செடியில் இந்த வருஷத்துக் கடைசிச் சுற்றாக ஆறு மொட்டு இருக்கிறது. ஒன்று நாளைக்குப் பாதி திறக்கும் போலிருக்கிறது. இன்று சாயங்காலம் விரிந்து நின்ற ஒரு பூவிலிருந்து தூள் எடுத்து டப்பாவில் வைத்தாகிவிட்டது. நாளைக் காலை ஆறரைக்குப் பூவைப் போனில் காட்டி, சரியான பூதானா என்று யாழினியைக் கேட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவேன். அங்கே அப்போது ராத்திரி பத்தரை. முழித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.